நாத்தோ சாப்பிட்ட கை

நெமோத்தோ மிட்சுயோ காலை உணவை முடித்துக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் தொலைபேசி ஒலித்தது. மருத்துவமனையின் நுண்ணுயிர் ஆய்வகத்தில் அந்த வாரம் லேசர் கருவிக்குப் பொறுப்பாக இருந்தவளின் குழந்தைக்கு இரவு காய்ச்சல் கண்டுவிட்டது. மாற்றாக வர முடியுமா என்று பிரிவுத் தலைவர் தத்சுமி கேட்டார். "வரேன்" என்று சொல்லி வைத்தாள். வைத்த பிறகுதான், தான் என்ன சாப்பிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது.

அவள் சாப்பிட்டது நாத்தோ. அவித்த சோயாவைப் புளிக்க வைத்து, நூல் நூலாக இழுபடும் பதத்தில் சுடுசோற்றின்மேல் ஊற்றிக்கொள்வது. மிட்சுயோ பிறந்த மித்தோ நகரத்தில் அது இல்லாமல் காலை விடியாது. வாழ்க்கைப்பட்டு வந்த ஹிமேஜியிலோ, அதன் நாற்றத்துக்கே முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள் அதிகம். அதோடு நின்றால் பரவாயில்லை. தத்சுமியின் மனைவி வீட்டார் தலைமுறையாகச் சாக்கே என்னும் அரிசி மது வடிப்பவர்கள். சோயாவை நாத்தோ ஆக்குகிற பேசிலஸ் என்னும் கிருமி சாக்கேயைப் புளிக்க வைக்கும் பூஞ்சைக்குப் பகை. ஆகவே வடிக்கும் மாதங்களில் அந்த வீட்டில் ஒருவரும் நாத்தோவைத் தொடுவதில்லை. அந்த வழக்கத்தைத் தத்சுமி ஆய்வகத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். லேசர் கருவியில் உட்காரும் வாரத்தில் நாத்தோ கூடாது. எந்தப் பலகையிலும் எழுதப்படாத விதி. ஆனாலும் பதினோரு ஆண்டுகளில் மிட்சுயோ அதை ஒருமுறையும் மீறியதில்லை. இது அவளுடைய வாரமாக இருந்திருந்தால் மீன் வறுத்துச் சாப்பிட்டிருப்பாள்.

இரண்டு முறை பல் துலக்கினாள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். உடை மாற்றிக்கொண்டு பேருந்தைப் பிடித்தாள்.

ஆய்வகத்தில் இரவுப்பணி முடித்த கோத்தானி கொட்டாவியோடு காத்திருந்தான். முப்பத்திரண்டு வயது, ஒசாக்காக்காரன், வாயை வாடகைக்கு வாங்கியவனைப் போல ஓயாமல் பேசுவான்.

"வாங்க நெமோத்தோசான். லீவு நாள்ல கூப்பிட்டதுக்கு உங்க முகம் பரவாயில்லையே, சிரிச்சாப்புல இருக்கு."

"விளையாட்டு அப்புறம். என்ன இருக்கு, சொல்லு."

"ஒரு இரத்தக் குப்பி. உள்ள கிருமி வளர்ந்திருக்குன்னு வளர்ப்புப் பெட்டி காலைல நாலு அம்பதுக்கு மணியடிச்சுது. மிசோபேன்னு ஒரு தாத்தா, எழுபத்தெட்டு வயசு. மூணு நாளாக் காய்ச்சல். ரெண்டு கையிலயும் இரத்தம் எடுத்திருக்காங்க. வலது கைக் குப்பிதான் அடிச்சுது. இடது கைக் குப்பி இன்னும் கம்முனு இருக்கு."

"ஸ்லைடு போட்டியா?"

"போட்டேன். அஞ்சு மணிக்கே சாயம் ஏத்திட்டேன். ஊதாக் கலர்ல தடி தடியாக் குச்சி. தட்டுல கிருமி வைக்கிற வேலை பகல் ஆளுக்குன்னு விட்டுட்டேன். தாத்தாவுக்கு இன்னிக்குக் காய்ச்சல் இறங்கிடுச்சாம். மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுக்கு அனுப்பப் போறாங்க. அதுக்குள்ள பேர் வேணும்னு வார்டு டாக்டர் அசாதா சென்செய் ஃபோன் பண்ணினாரு."

மிட்சுயோ கையுறையை மாட்டிக்கொண்டாள். குப்பியிலிருந்து ஊசியால் இரத்தம் எடுத்து, சுழற்றிக் கிருமியைக் கீழே படியவிட்டு, கழுவி, எஃகுத் தட்டின் ஒரு புள்ளியில் கடுகளவு வைத்தாள். தட்டில் தொண்ணூற்றாறு புள்ளிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் உண்டு. அவள் முதல் புள்ளியில் வைத்தாள். இரண்டாம் புள்ளியில் கிருமி எதுவும் வைக்காமல் வெறும் அமிலக் கரைசலை மட்டும் விட்டாள். கரைசலே அழுக்கானால் அந்த வெற்றுப் புள்ளி காட்டிக்கொடுத்துவிடும். அவசரக்காரர்கள் இந்த இரண்டாம் புள்ளியை விட்டுவிடுவதுண்டு. மிட்சுயோ ஒருநாளும் விட்டதில்லை.

புரதம் என்பது பெரிய மூலக்கூறு. அதன்மேல் நேராக லேசரைப் பாய்ச்சினால் சிதறிப்போய்விடும். அதனால்தான் கிருமியின் மேல் அந்தக் கரைசலை ஒரு சொட்டு விட்டு உலர்த்துகிறார்கள். உலரும்போது அது பொடிப் படிகங்களாக மாறிக் கிருமியின் புரதங்களைத் தன்னுள் பொதிந்துகொள்கிறது. லேசரின் அடியைப் படிகம் வாங்கிக்கொண்டு ஆவியாகிறது. புரதம் உடையாமல், ஒரே ஒரு மின்னூட்டத்தைப் பெற்றுக்கொண்டு, அந்த ஆவியோடு எழும்புகிறது. பிறகு காற்று அகற்றப்பட்ட நீண்ட குழாயில் ஓட்டம். இலேசானது முந்தும், கனமானது பிந்தும். வந்து சேர்ந்த நேரத்திலிருந்து எடை தெரியும். எடைகளின் வரிசையிலிருந்து கிருமியின் பெயர் தெரியும். வளர்த்துப் பார்த்துப் பெயர் சொல்ல முன்பு இரண்டு நாள் ஆனது. இப்போது தட்டை உள்ளே தள்ளினால் தேநீர் ஆறுவதற்குள் பெயர் வந்துவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத ஒளி தட்டின்மேல் படபடத்தது. திரையில் கோடுகள் குத்துக் குத்தாக எழுந்தன. வெற்றுப் புள்ளியில் ஒன்றும் இல்லை. முதல் புள்ளிக்கு எதிரே பெயர் விழுந்தது: பேசிலஸ் சப்டிலிஸ். மதிப்பெண் 2.14. இரண்டைத் தாண்டினால் நம்பலாம் என்பது கணக்கு.

நாத்தோவில் இருப்பதும் இதே கிருமிதான். மண்ணில் இருப்பதையும் வைக்கோலில் இருப்பதையும் நாத்தோவில் இருப்பதையும் இந்தக் கருவி ஒரே பெயரால்தான் அழைக்கும். இன்னது என்று சொல்லுமே தவிர, எங்கிருந்து வந்தது என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

தத்சுமி பின்னால் வந்து நின்று திரையைப் படித்தார். ஐம்பத்தெட்டு வயது, கனத்த உடம்பு, மெல்லிய குரல்.

"அட, பேசிலஸா. தூசிதான். ஊசி போட்டப்போ தோல்லேருந்து ஒட்டியிருக்கும். 'கலப்படமாக இருக்கலாம்'னு எழுதி அனுப்பிடு. பாவம், தாத்தா வீட்டுக்குப் போகட்டும்."

அப்படி எழுதுவதே வழக்கம். பத்துக் குப்பிகளில் பேசிலஸ் வந்தால் ஒன்பது தோலிலிருந்தோ காற்றிலிருந்தோ வந்ததாக இருக்கும். ஆனால் எழுபத்தெட்டு வயது மனிதருக்கு மூன்று நாள் காய்ச்சல் காரணமில்லாமல் வருமா? பத்தாவது குப்பி இதுவாக இருந்துவிட்டால், இவள் எழுதும் ஒரு வரியை நம்பி அவர் ஒரு மணிக்குப் பேருந்து ஏறுவார். குடலில் எங்காவது ஓட்டை இருந்து கிருமி அதன் வழியாக இரத்தத்தில் இறங்கியிருந்தால், இரண்டு நாளில் திரும்பி வருவார், படுத்த நிலையில்.

இதைச் சொல்வதற்கு முன் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சொன்னால் தன் வாதமே வலுவிழக்கும் என்பதும் தெரிந்திருந்தது.

"தத்சுமிசான், நான் காலைல நாத்தோ சாப்பிட்டேன்."

மேலங்கியைக் கழற்றிக்கொண்டிருந்த கோத்தானி அப்படியே நின்றான்.

"நாத்தோவா?"

"நீங்க ஃபோன் பண்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி. என் வாரம் இல்லைன்னு சாப்பிட்டேன்."

தத்சுமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபம் வரவில்லை, நிம்மதியே வந்ததுபோல் இருந்தது. அதுதான் மிட்சுயோவுக்குப் பிடிக்கவில்லை.

"அப்ப முடிஞ்சு போச்சு. தாத்தாவோட தோலும் இல்ல, தூசியும் இல்ல. உன் காலைச் சாப்பாடு. இதுக்குத்தான் நான் தலையால அடிச்சுக்கறேன், யாரு கேக்கறாங்க? மாமனார் வீட்ல ஒரு தடவை வேலைக்காரர் ஒருத்தர் நாத்தோ தின்னுட்டு வந்து..."

"ஒரு தொட்டி முழுக்கக் கொட்டினாங்க. பன்னண்டு தடவை சொல்லிட்டீங்க" என்றான் கோத்தானி.

"பதிமூணாவது தடவையும் சொல்லுவேன். நீ இன்னும் வீட்டுக்குப் போகலையா?"

மிட்சுயோ குறுக்கிட்டாள். "என் கையிலேருந்து வந்திருந்தா வெத்துப் புள்ளியிலயும் வந்திருக்கணும். ரெண்டையும் ஒரே கையாலதான் வச்சேன்."

"வெத்துப் புள்ளியில கரைசல் மட்டும்தானே விட்ட. சுழற்றிக் கழுவினது எல்லாம் முதல் புள்ளிக்கு மட்டும்தானே. எந்த இடத்துல விழுந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

அது சரியான கேள்வி. சரியான கேள்விக்கு அவள் எப்போதும் மரியாதை தருவாள். எழுந்து, கோத்தானி ஐந்து மணிக்குப் போட்ட ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்தாள். ஊதா நிறக் குச்சிகள். ஒன்றிரண்டின் நடுவில் நிறம் ஏறாத முட்டை வடிவம், பேசிலஸின் வித்து.

"இது அஞ்சு மணிக்குக் கோத்தானி போட்டது. அப்ப நான் தூங்கிட்டிருந்தேன். குப்பிக்குள்ள பேசிலஸ் மாதிரி ஒண்ணு முன்னாடியே இருந்திருக்கு."

தத்சுமி குனிந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"சரி. குப்பிக்குள்ள இருந்துச்சு, ஒத்துக்கறேன். அப்பவும் தோல்தான். வலது கையில குத்தினப்போ ஒட்டினது. ஒரு குப்பியை வச்சுக்கிட்டு ஒரு ஆளைத் திரும்பப் படுக்க வைக்கவா? இடது கைக் குப்பி கம்முனுதானே இருக்கு."

"பன்னண்டு மணி வரைக்கும் டைம் குடுங்க. அதுக்குள்ள இடது அடிக்கலைன்னா நீங்க சொன்னபடியே எழுதறேன்."

"பன்னண்டுன்னா பன்னண்டு. அசாதா சென்செய்க்கு நான் என்ன சொல்லட்டும்?"

"பார்த்துக்கிட்டிருக்கோம்னு சொல்லுங்க. உண்மைதானே."

காத்திருக்கும் நேரத்தில் அவள் மூன்றாம் மாடி வார்டுக்குப் போன் செய்தாள். எடுத்தவர் குரோதா என்ற மூத்த தாதி.

"மிசோபே-சானுக்கு வயிறு எப்படி இருக்கு, குரோதாசான்?"

"வயிறா? காய்ச்சல் கேஸ்தானே. லேசா உப்பலா இருக்கு, அமுக்கினா முகம் சுளிப்பாரு. மலச்சிக்கல்னு நெனச்சோம். ஏன்?"

"அவரு என்ன சாப்பிடுவாருன்னு தெரியுமா?"

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. "அதை ஏன் கேக்கறீங்க. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் தொடவே மாட்டேங்கறாரு. டிவியில இரத்தத்துக்கு நல்லதுன்னு யாரோ சொன்னாங்களாம். ரெண்டு வருஷமா மூணு வேளையும் நாத்தோதானாம். பொண்ணு டப்பா டப்பாவாக் கொண்டாந்து குடுக்குது. அந்த அறைப் பக்கம் போனாலே எனக்குக் கொமட்டுது."

மிட்சுயோ நன்றி சொல்லி வைத்தாள். ஒரு பிடி கிடைத்திருந்தது. ஆனால் இதைத் தத்சுமியிடம் சொன்னால், மகள் நாத்தோக் கையோடு அவர் கையைத் தொட்டிருப்பாள், அதுதான் குப்பிக்குள் போயிற்று என்பார். இரண்டாவது குப்பி இல்லாமல் எந்தச் சொல்லும் நிற்காது.

கோத்தானி வீட்டுக்குப் போகவில்லை. மூலையில் இருந்த சோபாவில் சாய்ந்து, கடையில் வாங்கிய சோற்று உருண்டையைத் தின்றுகொண்டிருந்தான்.

"நீ ஏன் இங்கயே உக்காந்திருக்க?"

"முடிவு தெரியாமப் போனா தூக்கம் வராது. அதோட, நெமோத்தோசான் ஒரு தப்புப் பண்ணி நான் பார்த்ததே இல்லை. பண்ணினா கூட இருந்து பார்க்கணும்னு ஒரு ஆசை."

"உன் ஆசை நிறைவேறாது."

"நாத்தோ தின்னது?"

"அது தப்பு இல்ல. காலைச் சாப்பாடு."

பதினொன்று இருபதுக்கு வளர்ப்புப் பெட்டி ஒலித்தது. இடது கைக் குப்பியின் அருகே சிவப்பு விளக்கு எரிந்தது. மிட்சுயோ எழுந்தாள், இரண்டடி வைத்தாள், நின்றாள்.

"கோத்தானி, இந்தக் குப்பியை நான் தொடப் போறதில்லை. நீ செய்."

"நானா? என் டியூட்டி எப்பவோ முடிஞ்சுது."

"நீ நாத்தோவைக் கண்டாலே ஓடற ஆளு. இந்த ஆஸ்பத்திரியிலேயே உன் கைதான் சுத்தம்."

"வாழ்க்கையில முதல் தடவை எனக்குப் பாராட்டு கெடைக்குது, அதுவும் நாத்தோ தின்னாததுக்கு" என்று முனகிக்கொண்டே அவன் எழுந்தான். கையைக் கழுவிப் புது மேலங்கி போட்டுக்கொண்டான். புதுத் தட்டு, புதுக் கரைசல், புது ஊசி. மிட்சுயோ அறையை விட்டு வெளியே வந்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டாள். தான் உள்ளே இருந்ததாகவே யாரும் சொல்லக் கூடாது என்பதில் கறாராக இருந்தாள்.

அவன் வேலை அவளுடையதைப் போல் ஒழுங்கானதல்ல. ஊசியின் மூடியை மேசைமேல் கவிழ்த்து வைத்தான். அவள் கண்ணாடியைத் தட்டி விரலால் காட்டினாள். அவன் நிமிர்த்தி வைத்தான். கழுவும் நீரை ஒருமுறையோடு நிறுத்தப் பார்த்தான், மறுபடி தட்டினாள். "ரெண்டு தடவை" என்று உதட்டசைவில் சொன்னாள். அவன் தலையில் கைவைப்பதுபோல் பாவனை செய்துவிட்டு இரண்டாவது முறையும் கழுவினான். வெற்றுப் புள்ளியை மட்டும் அவள் சொல்லாமலே வைத்தான். சொட்டு உலர்ந்து வெண்மை பூத்தது. தட்டு உள்ளே போனது.

தத்சுமியும் வந்து அவள் பக்கத்தில் நின்றார். மூன்று பேரும் கண்ணாடியின் இரு புறமும் நின்று ஒரே திரையைப் பார்த்தார்கள். வெற்றுப் புள்ளி, ஒன்றுமில்லை. அடுத்தது, பேசிலஸ் சப்டிலிஸ். 2.21.

"என்னைவிடப் புள்ளி பூஜ்யம் ஏழு மார்க் அதிகமா வாங்கிட்டான்" என்றாள் மிட்சுயோ.

தத்சுமி பெருமூச்சு விட்டார். "ரெண்டு கை, ரெண்டு குத்து, ரெண்டு ஆளு. சரி. போன் பண்ணு. நீயே பேசு."

அசாதா இளம் மருத்துவர். நல்லவர், ஆனால் ஐந்து வேலைகளுக்கு நடுவே பேசுகிறவர். பெயரைக் கேட்டதும் அவர் குரலில் ஆர்வம் குறைந்தது.

"பேசிலஸ்னா கலப்படம்தானே? அவருக்குக் காய்ச்சலே இல்ல இப்போ. டிஸ்சார்ஜ் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக்கிட்டிருக்கேன்."

"சென்செய், ரெண்டு கையிலயும் அதே கிருமி. ரெண்டு குப்பியும் வேற வேற ஆளு கையால போட்டது. அதோட இன்னொண்ணு சொல்லணும். முதல் குப்பியைப் போட்ட நான் இன்னிக்குக் காலைல நாத்தோ சாப்பிட்டிருந்தேன். ரெண்டாவதைப் போட்டவர் சாப்பிடலை. அதையும் சேர்த்து யோசிச்சுக்கோங்க."

"இதை ஏங்க நீங்க எங்கிட்ட சொல்றீங்க?"

"நாளைக்கு யாராவது வந்து உங்ககிட்டச் சொல்றதைவிட இன்னிக்கு நான் சொல்றது நல்லதுன்னுதான்." அவள் தொடர்ந்தாள். "மிசோபே-சான் ரெண்டு வருஷமா மூணு வேளையும் நாத்தோ சாப்பிடறவரு. வயிறு உப்பியிருக்கு, அமுக்கினா வலிக்குதுன்னு வார்டுல சொல்றாங்க. வாய் வழியாப் போன கிருமி இரத்தத்துக்கு வரணும்னா நடுவுல ஒரு வழி வேணும். அந்த வழி எங்கன்னு தேடறது என் வேலை இல்ல. அதனால உங்ககிட்டச் சொல்றேன்."

அங்கே காகிதம் புரளும் ஓசை நின்றது.

"காய்ச்சல் மாத்திரையாலதான் இறங்கியிருக்கும்" என்றார் அசாதா, தனக்குத்தானே சொல்வதுபோல். பிறகு, "பேப்பரை நிறுத்தி வைக்கிறேன். சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம்" என்றார்.

அறிக்கையை மிட்சுயோ தட்டச்சு செய்தாள். கிருமியின் பெயர், இரு குப்பிகள், இரு மதிப்பெண்கள், ஸ்லைடு போடப்பட்ட நேரம், வெற்றுப் புள்ளிகளின் முடிவு. கடைசியில் ஒரு வரி: முதல் குப்பியைக் கையாண்ட பணியாளர் அன்று காலை நாத்தோ உண்டிருந்தார், இரண்டாவது குப்பி அவர் தலையீடின்றி வேறொரு பணியாளரால் கையாளப்பட்டது. வாக்கியத்தை இருமுறை படித்தாள். 'தலையீடின்றி' என்பது மிகை. கண்ணாடியைத் தட்டியது தலையீடுதான். அதை 'தொடுகையின்றி' என்று திருத்தினாள்.

மூன்றரை மணிக்கு அசாதாவே இறங்கி வந்தார். மருத்துவர்கள் ஆய்வகத்துக்கு நடந்து வருவது அபூர்வம்.

"பெருங்குடல் சுவர்ல சின்னதா ஒரு பை, அதுல ஊசிமுனை அளவு ஓட்டை. சுத்திச் சீழ் கட்ட ஆரம்பிச்சிருக்கு. சாயங்காலம் அறுவை சிகிச்சை. வீட்டுக்குப் போயிருந்தா..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார். தாழ்ந்து வணங்கினார். மிட்சுயோவும் எழுந்து அதே அளவு தாழ்ந்து வணங்கினாள்.

"அவருக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"கோபமா இருக்காரு. வீட்டுக்குப் போக முடியலைன்னு. இனிமே நாத்தோ எப்போ சாப்பிடலாம்னு கேட்டாரு, நான் பதில் சொல்லலை."

அவர் போன பின் தத்சுமி அறிக்கையை எடுத்துக் கையெழுத்திடும் முன் கடைசி வரியைப் படித்தார்.

"இது எதுக்கு இன்னும்? ரெண்டாவது குப்பி அடிச்சப்பவே உன் காலைச் சாப்பாடு கேஸ்லேருந்து போயிடுச்சு. இதை எடுத்துடு. வருஷக் கடைசியில தணிக்கைக்கு வரவன் இதைத்தான் முதல்ல பிடிப்பான். உனக்குத்தான் கறுப்புப் புள்ளி."

அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார் என்று மிட்சுயோவுக்குத் தெரியும். அந்த வரியை நீக்கினாலும் மிசோபேயின் குடலில் உள்ள ஓட்டை ஓட்டையாகத்தான் இருக்கும். ஆனால் இந்த அறிக்கையை நாளை வேறு எவராவது படிக்கும்போது, முதல் குப்பியை யார் எந்த நிலையில் தொட்டார் என்பது தெரியாமல், 2.14 என்ற எண்ணை மட்டும் நம்ப வேண்டியிருக்கும். அது முறையல்ல.

"முதல் குப்பி முடிவை எடுக்கலைன்னா இந்த வரியும் இருக்கணும்" என்றாள். "எடுக்கறதுன்னா ரெண்டையும் எடுங்க."

"ரெண்டையும் எப்படி எடுக்கறது?"

"அப்ப ரெண்டும் இருக்கட்டும்."

தத்சுமி அவளைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். பதினோரு ஆண்டுகளில் இந்தக் குரலோடு வாதிட்டு வென்றவர் எவருமில்லை என்று அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பேனாவை எடுத்து, வரியை அப்படியே விட்டுவிட்டு, கீழே தன் பெயரை எழுதி முத்திரை வைத்தார்.